டாக்டர் எனக்கு எழுதிய சொல்

அன்புள்ள தம்பி,

போன வியாழக்கிழமை போனில் நீ கேட்டாய்: "அம்மாவுக்கு எங்க மேல எதுனா கோவமாப்பா? எது கேட்டாலும் ம்... ம்...ங்கிறாங்க. ரம்யா வேற தான் எதுனா தப்பா பேசிட்டமான்னு மனசுல வச்சிக்கினு கெடக்கறா." நான் "அதெல்லாம் ஒன்னும் இல்லடா, பஸ்ல கூட்டமா இருந்திருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது உன் அம்மா எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. இந்த வீட்டில் இருப்பதோ ஒன்றரை அறை. இதில் ரகசியம் பேச மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும், அங்கே போக எனக்கு அனுமதி கிடையாது.

அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நீ மீட்டிங்கில் இருந்தபடியே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பிவிடுவாய். இது கட்டைவிரலில் முடிகிற சமாச்சாரம் இல்லை. உன் வீட்டு விலாசத்துக்குப் போடாமல் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் கையெழுத்துப் போட்டு வாங்கப் போவது உன் அம்மாதான். இதை நான் எழுதும் நேரத்தில் அவள் சந்தாபுராவில் உன் வீட்டில் பாப்பாவோடு இருக்கிறாள். நான் ஓசூரில், நம் இரண்டாவது மாடியில், அவள் மூடி வைத்துவிட்டுப் போன ஹாட்பாக்ஸ்களுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது கொடுத்த தாளில் கடைசி வரியாக ஒன்று எழுதியிருந்தது உனக்கு நினைவிருக்கும். ஸ்ட்ரெனுவஸ் வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று. நீதான் படித்துச் சொன்னாய், "கடினமான வேலை எதுவும் செய்யக் கூடாதாம்பா" என்று. அந்த வார்த்தை எனக்கு அப்போதே பழக்கம்தான். எங்கள் ஃபோர்ஜிங் கம்பெனி நோட்டீஸ் போர்டில் டார்கெட் முடிந்த மாதமெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளர்களின் ஸ்ட்ரெனுவஸ் முயற்சிக்கு நிர்வாகம் நன்றி தெரிவிக்கிறது என்று போட்டு, கீழே ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் தருவார்கள். அதே வார்த்தையை டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அதே கம்பெனியில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "நம்ம ஷாப்ல ஸ்ட்ரெனுவஸ் இல்லாத வேலை எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்துத் திருப்பிப் போடுகிற இடத்தில் லேசான வேலைக்கு எங்கே போவது? கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள், அந்த மட்டில் குறையில்லை. முயற்சிக்கு முன்னால் வந்தால் பாராட்டு, நோயாளியின் தாளில் வந்தால் வீட்டுக்குப் போ. ஒரே வார்த்தைக்கு இவ்வளவு புழக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய கல்லாவி ஊர்க்காரி, ஆங்கிலத்தில் பஸ் போர்டைத் தவிர எதையும் படிக்காதவள், இந்த ஒரு வார்த்தையை மட்டும் வக்கீல் மாதிரி கற்றுக்கொண்டாள். நான் கேஸ் சிலிண்டரைத் தொட்டால் ஸ்ட்ரெனுவஸ். வண்டிக்கு சைடு ஸ்டாண்டு எடுத்தால் ஸ்ட்ரெனுவஸ். தண்ணீர் விடாத ஹவுஸ் ஓனரிடம் நியாயம் கேட்டால் அது ரொம்ப ஸ்ட்ரெனுவஸ். டிவியில் விவாதம் பார்த்து நான் கத்தினால் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வாள். பூண்டு உரிக்கலாமா என்று ஒரு நாள் கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு "உரிங்க, ஆனா நெறைய வேணாம்" என்றாள். கீழ்வீட்டு மஞ்சுளம்மா வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். பால் வாங்க நான் படி இறங்கினால் போதும், அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "பேட அண்ணா, பேட! நான் வாங்கினு வரன், நீங்க மேல போங்க" என்று கன்னடமும் தமிழுமாக விரட்டும். ஜெயிலில்கூட சாயங்காலம் வெளியே நடக்க விடுவார்களாம். எனக்கு ஜன்னலும் எதிர் பில்டிங்கின் தண்ணீர்த் தொட்டியும்தான். சும்மா இருப்பது சுகம் என்று சொல்கிறவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து, நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை எனக்கு வசதியாகவும் இருந்தது. தண்ணி கேன் தீர்ந்துவிட்டது என்றால் நான் எழுந்திருக்க வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்கு யார் போவது என்ற கேள்வியே வராது. நீ போன் செய்து "அப்பாவை எதுவும் செய்ய விடாதம்மா" என்று சொல்லும்போதெல்லாம் அவள் "நான் உடுவனா?" என்பாள், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

இவ்வளவு வருஷமும் நான் ஷிப்டில் இருந்தவன். ஏ ஷிப்ட் என்றால் விடியுமுன் கிளம்புவேன், சி ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூங்குவேன். ஒரு முழு நாள் இந்த வீட்டில் எப்படி ஓடுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. இப்போது பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாததால் பார்க்கிறேன். இன்னும் அவள் என் ஏ ஷிப்ட் நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறாள், நான் வேலைக்குப் போகாவிட்டாலும். எனக்கு உப்பில்லாமல் ஒரு குழம்பு, உனக்கும் ரம்யாவுக்கும் உப்போடு ஒரு குழம்பு, பாப்பாவுக்கு ராகிக் கஞ்சிக்கு மாவு. எல்லாவற்றையும் கட்டி, இரண்டு பையாக்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, அத்திப்பள்ளி தாண்டுகிற பஸ்ஸில் ஏறுகிறாள். அந்த நேரத்துப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்று உனக்கே தெரியும், காலேஜுக்கு அதிலேதான் போய்வந்தாய். கர்நாடகா பார்டரில் லாரிகள் நின்றுவிட்டால் எல்லாரும் நின்றபடியே காத்திருக்க வேண்டும். அவள் வந்து சேர்வதற்கும் நீங்கள் இருவரும் செருப்பு மாட்டுவதற்கும் சரியாக இருக்கும். "பாப்பா இன்னும் எழுந்துக்கல அத்தை" என்று ரம்யா சொல்லிவிட்டு ஓடுவாள். சாயங்காலம் நீங்கள் உள்ளே வந்தால் அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். அவள் முகத்தை உட்கார்ந்து பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீயே யோசித்துக்கொள்.

நான் குற்றம் சொல்லவில்லை, ரம்யாவை நிச்சயமாகச் சொல்லவில்லை. லீவு முடிந்ததும் வேலைக்கு வா, இல்லாவிட்டால் பார்த்துக்கொள்கிறோம் என்கிற கம்பெனியில் அவள் என்ன செய்வாள்? பால் கட்டிக்கொண்டு வலியோடு அவள் ஆபீஸ் கிளம்பிய கதையை உன் அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். பேகப்பள்ளிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிற வேலையை உன் அம்மா விட்டதும் அதற்காகத்தான். அப்போது நீ சொன்னது எனக்கு நன்றாகக் காதில் இருக்கிறது: "அங்க ஒன்னும் பெருசா வேலை இல்லம்மா. சும்மா பாப்பாவைப் பார்த்துக்கினா போதும்." நானும் பக்கத்திலிருந்து, "ஆமா, முள்ளுல கை கிழிச்சிக்கறதுக்கு இது எவ்ளோவோ தேவலாம்" என்று தாளம் போட்டேன். தவழ ஆரம்பித்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட வேலை என்று நம் இருவரில் யாருக்கும் தெரியாது. நீ தவழ்ந்தபோது நான் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கீழே மஞ்சுளம்மா என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் பதறுகிற குரல் கேட்டது. "ஏனாய்தக்கா? அக்கா! அண்ணா, சீக்கிரம் வாங்க!" நான் இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் உன் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காய்கறிப் பை. அதற்குக் கீழ்ப்படியில் தண்ணி கேன். ஒரு கை கேனைப் பிடித்திருந்தது, உருண்டு போய்விடக் கூடாதே என்று. இன்னொரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள். என்னம்மா, என்ன செய்யுது என்று கேட்டேன். பேச வாயைத் திறக்கிறாள், குரல் வரவில்லை. இருங்க, இருங்க என்று விரலால் மட்டும் காட்டினாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துப்போய், என் மனைவியை நான் அப்படிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நீங்க ஏன் எறங்கி வந்தீங்க? திரும்ப மாடி ஏறணுமே, ஆவாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

மறு வாரம் எனக்கு செக்கப். எப்போதும் போல அவளும் கூட வந்தாள். இப்போது புது டாக்டர், உன் வயதுதான் இருக்கும். எல்லாம் பார்த்து முடித்ததும் நான் கேட்டேன், "சார், இந்த ஸ்ட்ரெனுவஸ்னு எழுதியிருக்காங்களே, அதுக்கு எல்லை எதுங்க சார்? எதுவரைக்கும் செய்யலாம்?" அவர் சிரித்துவிட்டு, "ரொம்ப சிம்பிள்ங்க. ஒரு வேலை செய்யும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சாதாரணமா பேச முடியுதா? அப்ப பரவாயில்ல. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மூச்சு வாங்குதுன்னா, அதுதான் ஸ்ட்ரெனுவஸ். உங்களுக்கு அது முதல்ல கொஞ்ச நாளைக்குச் சொன்னது. இன்னுமா அப்படியே உக்காந்திருக்கீங்க? நல்லா நடங்க, படி ஏறுங்க, காய்கறிப் பை தூக்குங்க. பழைய ஃபோர்ஜிங் வேலைக்கு மட்டும் போவாதீங்க" என்றார்.

எனக்கு விடுதலை ஆன சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படியில் உட்கார்ந்து விரலால் பேசியவள்தான் கண்ணுக்குள் நின்றாள். "சார், இவங்களுக்கு படி ஏறினா பேச்சே வர மாட்டேங்குது" என்று சொன்னேன். மேஜைக்கு அடியில் என் காலை நறுக்கென்று மிதித்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "என்ன வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டார். அதற்கு உன் அம்மா சொன்னாள்: "வேலைக்கெல்லாம் போவல சார். வீட்ல சும்மாதான் இருக்கன்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் விடவில்லை. பிரஷர் பார்த்தார், சரியில்லை என்று கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டார், ரொம்ப நேரம் கேட்டார். பிறகு எக்கோவும் இன்னும் இரண்டு டெஸ்டும் எழுதி, "இதைத் தள்ளிப்போடாதீங்கம்மா, இந்த வாரமே எடுத்துடுங்க" என்றார். இவள் உடனே, "பாப்பாவுக்கு பொறந்தநாள் முடியட்டும் சார், அப்புறமா வரன்" என்கிறாள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பையனுக்கு என்னா தெரியும்? பெரிய டாக்டர் எழுதினதுதான் எழுதினது. நீங்க ஒன்னையும் தூக்க வேணாம். தம்பிகிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வேலையை விடறன்னு ரம்யா கெளம்பிடும். பாப்பா மேல சத்தியம் பண்ணுங்க." ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்தேன். டெஸ்ட் எடுக்கிற வாரம் போய்விட்டது, அடுத்த வாரமும் போய்விட்டது. இன்னும் எடுக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ அவளைக் கூப்பிடுகிற நேரம் எது? பஸ் கிடைத்ததா, பாப்பாவின் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்க, அவள் உன் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு கூப்பிடுகிறாய். அப்போது அவள் இரண்டு கையிலும் பையோடு ஓட்டமும் நடையுமாக மெயின் ரோட்டைக் கடந்துகொண்டிருப்பாள். இல்லையென்றால் இங்கே கேனோடு படி ஏறிக்கொண்டிருப்பாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ம் என்கிறாள். அதற்கு மேல் அவளிடம் மூச்சு இல்லை, தம்பி. கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் சொன்ன பிறகு நீ ஸ்கூலில் வைத்திருந்த டிக்ஷனரியைப் பரணிலிருந்து இறக்கினேன். நானே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன், அவள் இல்லாத நேரத்தில். பெரிய முயற்சியும் சக்தியும் தேவைப்படுகிற என்று போட்டிருக்கிறது. மலை ஏறுவது, ஓடுவது, பாரம் தூக்குவது என்று இந்த வார்த்தையோடு சேர்த்துச் சொல்வதெல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. நான் செய்த வேலைக்கு அது பொருந்தும், யாரும் மறுக்க மாட்டார்கள். குழம்பு வைப்பதற்கும் குழந்தையைத் துரத்திப் பிடிப்பதற்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவதற்கும் இந்த வார்த்தையை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. சொல்லாததால் அவளுக்கே அது வேலை என்று தெரியவில்லை. சும்மா இருக்கிறேன் என்று ஒரு டாக்டரிடம் போய்ச் சொல்கிறாள்.

எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறோம் பார். அவள் நின்றால் ரம்யா வேலையை விட வேண்டும். ரம்யா விட்டால் நீ ஒரு ஆளாக அந்த வீட்டுக் கடனைக் கட்ட முடியாது. அதைச் சொன்னால் நீ உடைவாய் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள், என் வாயையும் சத்தியம் வாங்கி மூடினாள். நான் பையைத் தூக்கினால் பிடுங்குகிறாள். நேற்று அவளுக்கு முன்னால் எழுந்து அரிசி களைந்து வைத்தேன். "ஏன், நான் செத்தா போயிட்டன்?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளிடமிருந்து வேலையைப் பிடுங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கொடுக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.

அதனால் சத்தியத்தை மீறுகிறேன். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, சாமிக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமை உன் வீட்டுக்கு அவளுக்குப் பதில் நான் வருகிறேன். பாப்பா என் மீசையைப் பார்த்து அழுவாள், முதல் இரண்டு நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். டயபர் எப்படி மாட்டுவது என்று ரம்யாவை வீடியோ எடுத்து அனுப்பச் சொல். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துப் பழகி வருகிறேன். உங்கள் அபார்ட்மெண்டிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது என்று ரம்யா சொன்னபோது, "அம்மா இருக்கும்போது அது எதுக்கு?" என்று நாம் இருவரும்தான் அடக்கினோம். அதையும் போய்ப் பாருங்கள். நீங்கள் இருவரும் பேசி எதைச் செய்தாலும் சரி. ஆனால் திங்கட்கிழமை அவள் பஸ் ஏறக் கூடாது. மஞ்சுளம்மாவிடம் சொல்லிவிட்டேன், டெஸ்டுக்கு அந்த அம்மா கூடப் போகும்.

இதை நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீதான் சொல்ல வேண்டும். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே. என்ன தப்பு செய்தேன், ரம்யா ஏதாவது சொன்னாளா என்று வேறு பக்கம் உடைந்துபோவாள். உன் உடம்புக்காகம்மா என்றும் சொல்லாதே. அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. "எனக்கு பயமா இருக்கும்மா, எனக்காகப் போய் டெஸ்ட் எடுத்துக்க" என்று சொல். உனக்காக என்றால் மட்டும்தான் அவள் போவாள். தன் உயிரைக்கூட இன்னொருவருக்கு வேலை செய்கிற மாதிரிதான் அவளுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும். இப்போதைக்கு அப்படியே போகட்டும், அதை மாற்ற நேரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அவள் எடுத்ததும் பாப்பாவைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ ஆரம்பிக்காதே. முதலில் "உக்காந்திருக்கியாம்மா?" என்று கேள். இல்லை என்றால் உட்காரச் சொல். அவள் உட்கார்ந்த பிறகு பேசு.

உன் அப்பா